சூதாட்டக் கடன மூணாவது தடவையும் நாங்களே அடைக்கலாமா? கடலூர்ல இருந்து கேட்ட ஒரு அக்காவுக்கு

மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதியிருக்கீங்க. தம்பிக்கு 27 வயசு, சிப்காட்ல வேல, மொதல்ல ஆன்லைன் ரம்மி, இப்ப யாரோ ஏஜென்ட் குடுத்த, கிரிக்கெட்ல பந்தயம் கட்டற ஐடி, கடன் 7 லட்சம்னு சொல்றான், இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அப்பாவும் நீங்களும் சேந்து அடைச்சாச்சு, இப்ப உங்க கல்யாண நகைய அடகு வச்சு அடைக்கலாமான்னு கேக்கறீங்க. கூடவே இது வியாதியா திமிரா, பாண்டில ஏதாவது மறுவாழ்வு மையத்துல சேத்துடலாமா, ஒரு கல்யாணத்த பண்ணி வச்சா பொறுப்பு வந்துடும்னு அம்மா சொல்றது சரிதானான்னும் கேட்டிருக்கீங்க. எல்லாத்தையும் சேத்துப் படிச்சா நீங்க கேக்கறது ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது: தம்பிய எப்படிக் காப்பாத்தறது, காப்பாத்தறோம்னு நெனச்சு அவன் ஆட்டத்துக்கே பணம் கட்டாம இருக்கறது எப்படி.

நான் டாக்டர் இல்லம்மா. பாண்டிச்சேரில மனநலப் பிரிவுல சமூகப் பணியாளரா பல வருஷம் வேல பாத்தவன், குடிலயும் சூதுலயும் மாட்டிக்கிட்ட குடும்பங்களோட உக்காந்து பேசறதுதான் என் வேல, கடலூர், பண்ருட்டி, நெய்வேலில இருந்தெல்லாம் விடியக்காலம் பஸ் ஏறி வருவாங்க. அதுல பாத்தத வச்சும் படிச்சத வச்சும் சொல்றேன், மாத்திரை பத்தி சொல்றத டாக்டர்கிட்டயும் சட்டம் பத்தி சொல்றத வக்கீல்கிட்டயும் ஒரு தடவ கேட்டுக்கோங்க.

நகைய வைக்காதீங்க. குறைஞ்சது இப்போதைக்கு வைக்காதீங்க. 1972ல அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்துல ராபர்ட் கஸ்டர்னு ஒரு மனநல மருத்துவர்தான் சூதாட்டத்துக்குன்னே ஆஸ்பத்திரில ஒரு சிகிச்சைப் பிரிவ ஆரம்பிச்சார், ஜெயிக்கற காலம், தோக்கற காலம், விரக்தியில எதையும் செய்யற காலம்னு அவர் பிரிச்சு எழுதுனது இன்னிக்கும் நம்ம ஊரு ஆளுங்களுக்கு அப்படியே பொருந்துது. தோக்கற காலத்துல குடும்பம் வந்து மொத்தக் கடனையும் அடைச்சுட்டா என்ன ஆகுதுன்னா, அவனுக்கு அது பெரிய ஆட்டம் ஒண்ணு ஜெயிச்ச மாதிரி மனசுல பதிஞ்சுடுது, பாரம் எறங்குது, ரெண்டு மாசம் நல்லா இருப்பான், கோயிலுக்குப் போவான், சத்தியம் பண்ணுவான், அந்த சத்தியம் பொய்யும் கெடையாது, அந்த நேரத்துல மனசாரத்தான் பண்ணுவான், ஆனா உள்ள எதுவும் மாறல, போன காச திருப்பி எடுக்கணும்ங்கற அரிப்பு அப்படியே இருக்கு, கைலயோ இப்ப கடன் இல்லாத சம்பளம். இன்னொண்ணு, முழுக் கடனையும் மொத தடவையே சொல்றவங்கள நான் ரொம்ப அபூர்வமாத்தான் பாத்திருக்கேன். 7 லட்சம்னு சொன்னா அதுக்குப் பின்னாடி சொல்லாத கைமாத்து, ஃப்ரெண்டோட கிரெடிட் கார்டு, வட்டிக்காரர் யாராவது இருக்கலாம்னு வச்சுக்கோங்க. நீங்க நகைய வச்சுக் குடுத்தாலும் மிச்சக் கடன் அவன மறுபடி ஆட்டத்துக்கே இழுத்துட்டுப் போகும்.

ஆனா இத அவன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு, அத தள்ளிப் போடாதீங்க. சூதாட்டக் கடன்ல மாட்டுனவங்களுக்கு தற்கொலை எண்ணம் வர்றது ரொம்ப அதிகம், உலகம் பூரா ஆராய்ச்சில திரும்பத் திரும்ப வர்ற விஷயம் இது, அதுலயும் கடன் வீட்டுக்குத் தெரிய வர்ற அந்த சில நாள்தான் ஆபத்தான நேரம். அதனால தனியா உக்காத்தி வச்சு நேராவே கேளுங்க, 'செத்துடலாம்னு தோணுதாடா?'ன்னு. கேட்டா நாமளே நெனப்ப உண்டாக்கிடுவோமோன்னு பயப்பட வேண்டாம், அப்படி ஆகறதில்ல, கேட்டதுக்கப்பறம்தான் பல பேர் மூச்சு விடுவாங்க. ஆமான்னு சொன்னாலோ, சொல்லாமலே உங்களுக்கு சந்தேகமா இருந்தாலோ, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க, வீட்டுல பூச்சி மருந்து கீச்சி மருந்து இருந்தா அப்புறப்படுத்துங்க. ராத்திரி நேரமா இருந்தா 14416, டெலிமானஸ், மத்திய அரசோட இலவச மனநல லைன், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நகை தர மாட்டோம்னு சொல்ற அன்னிக்கே 'கடன் கட்டறதுக்கு நாங்க கூட உக்காந்து வழி பண்றோம், உன்ன விட்டுட மாட்டோம்'னும் சேத்துச் சொல்லணும். இந்த ரெண்டாவது பாதி இல்லாம மொதப் பாதிய மட்டும் சொல்லாதீங்க.

வியாதியா திமிராங்கறதுக்கு வர்றேன். இது வியாதிப் பட்டியல்ல இருக்கறது உறுதி. அமெரிக்க மனநல சங்கம் 1980லயே இத சேத்துடுச்சு, 2013ல குடி, போதை இருக்கற அதே தலைப்புக்குக் கீழ கொண்டுவந்துச்சு, உலக சுகாதார நிறுவனத்தோட இப்போதைய வகைப்பாட்டுலயும் தனியா இருக்கு. டாக்டர் பாக்கறது இதுதான்: கூடக் கூட பணம் வச்சு ஆடணும்னு தோணுதா, நிறுத்தப் பாத்து முடியாம போச்சா, நிறுத்துனா எரிச்சல் வருதா, தோத்தத எடுக்க மறுநாளே போறானா, பொய் சொல்றானா, வேலயோ உறவோ கெட்டுச்சா, மத்தவங்கள கடன அடைக்க வைக்கறானா, இப்படி ஒம்போது இருக்கு, ஒரு வருஷத்துக்குள்ள நாலு இருந்தா கணக்கு. நீங்க எழுதுனத பாத்தா நாலுக்கு மேல இருக்கும் போலத் தெரியுது, ஆனா ஒரு பதிவ படிச்சுட்டு நான் முத்திரை குத்த மாட்டேன், நேர்ல பாக்கணும். ஏன்னா சில பேருக்கு அடியில மனச்சோர்வு இருக்கும், சில பேருக்கு மேனியானு ஒரு நிலை, அப்ப பணத்த அள்ளி விடுவாங்க, சில பேருக்கு குடி, அதுக்கெல்லாம் வைத்தியம் வேற. இத படிக்கற மத்தவங்களுக்காக ஒண்ணு: வீட்டுப் பெரியவருக்கு பார்க்கின்சன் நோய்க்கு பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் மாதிரி மாத்திரை போகுதா, அதுவரைக்கும் சீட்டு பக்கமே போகாதவர் திடீர்னு சூதாட ஆரம்பிச்சாரா, அது அந்த மாத்திரையோட பக்கவிளைவா இருக்கலாம், தெரிஞ்ச விஷயம், மாத்திரைய நீங்களா நிறுத்தாம நரம்பு டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க.

வியாதின்னு சொல்லிட்டா அவன் பொறுப்பு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அதே சமயம் 'மனசு வச்சா விட்டுடலாம்'ங்கறதும் நியாயம் இல்ல. அந்த ஆட்டங்கள வடிவமைச்சிருக்கற விதம் அப்படி. எப்ப ஜெயிப்போம்னு தெரியாம அங்கங்க ஒண்ணு கெடச்சுட்டே இருந்தா மனுஷன் விடாம பண்ணுவான், ஒரு கார்டுல போச்சு, கடைசி ஓவர்ல போச்சுன்னு மயிரிழைல தோக்கறப்ப மூளைல ஜெயிக்கறப்ப வேல செய்யற பகுதிகளே வேல செய்யுதுன்னு ஸ்கேன் பண்ணிப் பாத்திருக்காங்க. தோத்த அடுத்த நிமிஷமே மறுபடி ஆடணும்னு உங்க தம்பிக்குத் தோணுதே, அதுக்குக் காரணம் இது.

இப்ப செய்ய வேண்டியது. வைத்தியத்துக்கு டேட் கெடைக்கறதுக்கு முன்னாடியே காசு அவன் கைக்கு வர்ற வழிய மாத்துங்க, இதுல எனக்கு சந்தேகமே கெடையாது. அவன் சம்மதத்தோட பண்ணணும், ஃபோன பிடுங்கி வச்சு ஒண்ணும் ஆகாது, இன்னொரு ஃபோன் ரெண்டாயிரத்துக்கு கெடைக்கும். சம்பளம் விழற அன்னிக்கே பெரும்பகுதி உங்க அக்கவுண்டுக்கோ அம்மா அக்கவுண்டுக்கோ தானா போற மாதிரி பேங்க்ல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் குடுக்கச் சொல்லுங்க, அவன் அக்கவுண்டுல வாரச் செலவுக்கு மட்டும் இருக்கட்டும். யுபிஐ லிமிட்ட பல பேங்க்ல ஆப்லயே கொறைக்கலாம், கிரெடிட் கார்டு இருந்தா மூடச் சொல்லுங்க. அந்த ஐடி குடுத்த ஏஜென்ட் நம்பர், டெலிகிராம் குரூப் எல்லாத்தையும் உங்க முன்னாடியே பிளாக் பண்ணட்டும். வீட்டு நகை, பத்திரம், அம்மா அப்பாவோட ஆதார், பான் கார்டு எல்லாம் அவன் கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும், அம்மா ஃபோனுக்கு வர்ற ஓடிபி அவன் கைல போயிடாம பாத்துக்கோங்க, பெத்தவங்க பேர்லயே லோன் ஆப்ல கடன் எடுத்த குடும்பங்கள பாத்திருக்கேன். இதெல்லாம் தண்டனையா இருக்கக் கூடாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவ உக்காந்து பேசி கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் குடுக்கணும், இல்லன்னா அவன் மனசுல குடும்பம் எதிரியாயிடும்.

கடன் லிஸ்ட அவன் கையாலயே எழுத வைங்க, யாருக்கு எவ்ளோ, வட்டி எவ்ளோ, என்ன அடமானம். வாய்ல சொல்றத மட்டும் நம்பாம சிபில் ரிப்போர்ட் எடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ இலவசம், பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி கடன் எல்லாம் அதுல தெரிஞ்சுடும், கைமாத்தும் கந்துவட்டியும் மட்டும் தெரியாது, அத அவன்தான் சொல்லணும். 1957ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்ச கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்னு சூதாட்டத்த விட்டவங்களோட குழு ஒண்ணு இருக்கு, அவங்க பழக்கம் ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும், புதுசா வர்றவரோட குடும்பத்தையும் கூட்டி வச்சு, விட்டு பல காலம் ஆனவங்க ரெண்டு மூணு பேர் உக்காந்து, முதல்ல வீட்டுச் செலவு எவ்ளோ, மிச்சம் எவ்ளோ, அதுல ஒவ்வொரு கடன்காரருக்கும் மாசம் எவ்ளோ குடுக்கலாம்னு எழுதிக் குடுப்பாங்க, கொஞ்சம் கொஞ்சமா, ஆனா முழுசா, அவன் சம்பளத்துல இருந்தே. இத நீங்களும் வீட்டுல பண்ணலாம். அதுக்கப்பறம் நீங்க உதவி பண்ணணும்னு நெனச்சா, ரொம்ப ஆபத்தான ஒரு கடன மட்டும் நேரா கடன் குடுத்தவர்கிட்டயே கட்டி ரசீது வாங்குங்க, அவன் கைல காசா குடுக்காதீங்க. அப்பா பேர்ல இருக்கற வீட்ட வச்சு எல்லாத்தையும் ஒரே கடனா மாத்தலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, வீடே போற கடன் ஆயிடும் அது.

வசூல் ஆளுங்க மிரட்டறாங்கன்னும் எழுதியிருந்தீங்க. பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரங்களுக்கு ஃபோன் போட்டு அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு. கந்துவட்டிக்கு 2003லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தாச்சு, கட்டாய வசூலுக்கு எதிரா 2025லயும் ஒரு சட்டம் வந்திருக்கு. ஃபோட்டோவ மார்ஃப் பண்ணி அனுப்புவேன்னு மிரட்டுனா 1930க்கு, சைபர் கிரைம். 15100க்குப் போட்டா சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண்ணுங்கற ஒரே காரணத்துக்காகவே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பாக்க மாட்டாங்க. 'விட்ட காச திருப்பி வாங்கித் தர்றோம், கொஞ்சம் ஃபீஸ் கட்டுங்க'ன்னு எவனாவது வந்தா அவன் அடுத்த மோசடிக்காரன்.

எங்க போறது? கடலூர்லயே அரசு தலைமை மருத்துவமனைல மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் இருப்பார், சிதம்பரத்துல அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, பாண்டின்னா ஜிப்மர் மனநலத் துறை, இல்லன்னா இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை. சூதாட்டத்துக்குன்னு தனி போர்டு தேடாதீங்க, மனநலப் பிரிவுதான் இடம், ஓபில போய் 'பணம் வச்சு ஆடற பழக்கம், நிறுத்த முடியல'ன்னு சொன்னா போதும். பெங்களூர் நிம்ஹான்ஸ்ல ஃபோன், கேம் பழக்கங்களுக்குன்னு தனி கிளினிக் 2014ல இருந்து இருக்கு, ஆனா வாரா வாரம் போய் வர்ற இடமா இருக்கறதுதான் முக்கியம், தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிய விட பக்கத்துல தொடர்ந்து போறது மேல். அங்க சொல்றது வெளிய போகாது, 2017 மனநலச் சட்டம் ரகசியத்துக்கு உத்தரவாதம் குடுக்குது, கம்பெனிக்குத் தெரிஞ்சுடுமோன்னு அவன் பயந்தா இத சொல்லுங்க.

வைத்தியத்துல உறுதியா சொல்லக்கூடியது பேச்சு சிகிச்சைதான், அதுக்குத்தான் ஆதாரம் அதிகம். எப்பெப்ப தோணுது, சம்பள நாளா, நைட் ஷிஃப்ட் முடிஞ்சா, சண்டைக்கு அப்பறமான்னு எழுதி வைக்கச் சொல்வாங்க, தோணற அந்த வேகம் கொஞ்ச நேரத்துல தானா எறங்கும்ங்கறத பழக்குவாங்க, 'எனக்கு கிரிக்கெட் தெரியும், அதனால ஜெயிப்பேன்', 'அஞ்சு தடவ போச்சு, அடுத்தது வந்தே தீரும்'ங்கற நெனப்ப எல்லாம் எடுத்துப் போட்டுப் பேசுவாங்க. மாத்திரை விஷயம் அவ்ளோ உறுதியா இல்ல. நால்ட்ரெக்ஸோன்னு குடிக்கு குடுக்கற மாத்திரை சில பேருக்கு அந்த அரிப்ப கொறைக்குது, அதுக்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கு, ஆனா சூதாட்டத்துக்குன்னே அமெரிக்காவுல கூட எந்த மாத்திரையும் அங்கீகாரம் வாங்கல, ஈரல் டெஸ்ட் பாத்துட்டு டாக்டர் முடிவு பண்ணுவார். மனச்சோர்வு இருந்தா அதுக்குக் குடுக்கற மாத்திரை வேற கணக்கு, அத கண்டிப்பா போடணும். நடுவுல ஒரு தடவ சறுக்கலாம், பல பேருக்கு சறுக்குது, அன்னிக்கு மறைக்காம வந்து சொன்னானான்னு பாருங்க, சொன்னா வைத்தியம் வேல செய்யுதுன்னுதான் நான் எடுத்துக்குவேன்.

அவன் வர மாட்டேன்னா நீங்க மட்டும் போங்க. இது பல பேருக்குத் தெரியாது. குடும்பத்த மட்டும் வச்சு, எப்பப் பேசறது, எப்ப காசு மறுக்கறது, அவன் ஆடாத நாள எப்படி கவனிச்சு நல்லா நடந்துக்கறதுன்னு சொல்லித் தர்ற முறை இருக்கு, அதனாலயே பின்னாடி அவங்களா வந்தவங்க உண்டு.

மறுவாழ்வு மையம் வேண்டாம்மா. குடிக்கு கை நடுக்கம், ஜன்னி வர்ற பிரச்சனை இருக்கறதால உள்ள வச்சுப் பாக்க வேண்டியிருக்கு, சூதாட்டத்துல அந்த மாதிரி உடம்பு ஆபத்து இல்ல, தற்கொலை ஆபத்து இருந்தாலோ குடியும் சேந்திருந்தாலோதான் அட்மிஷன், அதுவும் ஆஸ்பத்திரில. 90 நாள் பூட்டி வச்சா ஃபோன் இல்லாததால ஆட மாட்டான், வெளிய வந்த அன்னிக்கு அதே ஃபோன், அதே கடன், போன வேல. ராத்திரில ஆள் விட்டு தூக்கிட்டுப் போற மையமா இருந்தா பக்கத்துலயே போகாதீங்க, பதிவு இல்லாம நடத்தறது, விருப்பம் இல்லாம அடைச்சு வைக்கறது, அடிக்கறது எல்லாமே சட்டத்துக்கு விரோதம்.

'அரசாங்கமே தடை பண்ணிடுச்சே, இனி தானா நின்னுடாதா'ன்னு அப்பா கேட்டார்னு எழுதியிருந்தீங்க. 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் பணம் வச்சு ஆடற எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை பண்ணுச்சு, பெரிய கம்பெனிங்க நிறுத்திட்டாங்க, நடத்தறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம், ஆடறவன தண்டிக்கறது அந்தச் சட்டத்தோட நோக்கம் இல்ல. நல்லதுதான், கைக்கு எட்டறது கொறஞ்சா ஆடறது கொறையும்ங்கறது நல்லாத் தெரிஞ்ச விஷயம். ஆனா ஏற்கனவே மாட்டுனவன் வெளிநாட்டு சைட்டுக்கும் வாட்ஸப் ஏஜென்டுக்கும் போயிடறான், உங்க தம்பி போன மாதிரியே, அங்க ஜெயிச்சாலும் காசு யாரோ ஒருத்தரோட வாடகை அக்கவுண்டுல இருந்து வருது, அந்த அக்கவுண்ட் மேல கேஸ் வந்தா இவனோட சம்பள அக்கவுண்டும் முடங்கும். இன்னும் சில பேர் பங்குச்சந்தைல ஆப்ஷன் டிரேடிங் பக்கம் போயிட்டு 'நான் இன்வெஸ்ட் பண்றேன்'னு சொல்றாங்க. 2022ல இருந்து 2024 வரைக்கும் மூணு நிதியாண்டுல அந்த எஃப் அண்ட் ஓல, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்ல எறங்குன தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டாங்கன்னு பங்குச்சந்தைய கண்காணிக்கற செபியே கணக்கு போட்டுச் சொல்லியிருக்கு. தம்பி ஃபோன்ல அந்த ஆப் இருந்தா அதையும் லிஸ்ட்ல சேருங்க.

ஊரு பண்ண வேண்டியதும் இருக்கு. நம்ம கடலோரத்துல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், ஆம்பளைங்க கைல வேல இருக்காது, மரத்தடில சீட்டு, கைல ஃபோன், அதே சமயத்துல ஐபிஎல் வேற. ஸ்கூல்லயும் தெருவுலயும் பயமுறுத்தற மாதிரி விழிப்புணர்வுக் கூட்டம் போடறதால ஆடறது கொறையுதான்னு கேட்டா, விஷயம் தெரிஞ்சுக்கறாங்க, நடத்தை மாறுதாங்கறதுக்கு ஆதாரம் கம்மி. வேல செய்யற மாதிரி நான் பாத்தது சின்னச் சின்ன ஏற்பாடுங்க: மகளிர் குழுல 'வீட்டுக்காரர் ஆட்டக் கடனுக்காக லோன் எடுக்கறியா'ன்னு கேட்டு நிறுத்தி வைக்கறது, ஊர்ப் பஞ்சாயத்துல அபராதம் போட்டு அசிங்கப்படுத்தாம பெரியவர் ஒருத்தர் கூட வந்து ஆஸ்பத்திரில உக்கார்றது. சூதாட்டத்துக்குன்னே தமிழ்ல கூடற குழு பக்கத்துல கெடைக்கலன்னா, குடிய விட்டவங்களோட ஏஏ கூட்டம் பாண்டில தமிழ்லயே நடக்குது, வெளியாளும் உக்காரக்கூடிய திறந்த கூட்டம் எதுன்னு கேட்டுட்டு தம்பிய கூட்டிட்டுப் போங்க, பத்து வருஷம் மறைச்சவன் எழுந்து நின்னு பேசறத கேட்டா அவனுக்கு நாக்கு அவிழும்.

கடைசியா கல்யாணம். அம்மாகிட்ட என் பேர்ல சொல்லுங்க, வேண்டாம்னு. கல்யாணத்தால இது சரியானத நான் பாத்ததில்ல, பொண்ணு கொண்டு வந்த நகை அடகுக் கடைக்குப் போனதத்தான் பாத்திருக்கேன். ஏற்கனவே பொண்ணு பாத்துட்டீங்கன்னா பேச்ச தள்ளி வைங்க, குறைஞ்சது ஒரு வருஷமாவது அவன் வைத்தியத்துல இருந்து, கடன் ஒழுங்கா கட்டிட்டு வந்து, அதுக்கப்பறம் அவனே அந்தப் பொண்ணுகிட்ட நேரா எல்லாத்தையும் சொல்லட்டும், சொல்லிட்டு அவ ஒத்துக்கிட்டா பண்ணுங்க. தள்ளி வைக்க என்ன காரணம் சொல்றதுன்னு அம்மா கேப்பாங்க, உடம்பு சரியில்ல, வைத்தியம் நடக்குதுன்னு சொல்லுங்க, அது உண்மைதான்.